முப்பிடாதியின் ஈயத்தலை முள்

"எல்லாவனும் ஈயத்தைப் பாக்கான், முள்ளைப் பாக்க ஒருத்தனும் இல்ல!"

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், படகுத்துறைக்குப் போகும் சந்தில் பொழுது விடிந்ததும் கேட்கும் முதல் சத்தம் இதுதான். இதைச் சொல்லாமல் முப்பிடாதி அடுப்புப் பற்றவைக்க மாட்டாள்.

அவள் செய்வது தூண்டில் முள். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் ரப்பர் மீனைக் கோத்து வீச வேண்டுமானால், முள்ளின் கழுத்தில் ஈயத்தால் ஒரு தலை வேண்டும். பழைய கேபிள் உறையை உருக்கி, செங்கல்லில் குடைந்த அச்சில் ஊற்றுவாள். அச்சில் சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். இடது புருவம் பாதி அப்படித்தான் போனது.

தென்காசிப் பக்கமிருந்து எழுபத்திரண்டில் கல்யாணமாகி வந்தவள். புருஷன் சங்கரலிங்கம் முன்பலகையில் உட்கார்ந்து சாயா குடிப்பார். யாராவது முள் கேட்டு வந்தால், சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து இவள் குரல் கொடுப்பாள்.

"கடல் வாய்ல, அழிமுகத்துலயா வீசுதான்? அங்க இழுப்பு ஜாஸ்தி, கனத்த தலை குடுங்க. காயலுக்குள்ளன்னா சின்னத் தலை போதும். காளாஞ்சிக்குன்னா தடிச்ச முள்ளு. ரப்பர் முதுகைத் தாண்டி முனை வெரக்கடை நிக்கணும், இல்லன்னா வாயில ஏறாது."

காளாஞ்சி என்றால் நம் கொடுவா. வாய் எலும்பாக இருக்கும்.

அவள் சொன்னதை அவர் தன் பேச்சாகத் திருப்பிச் சொல்வார். ஊரும் சங்கரலிங்கத்தின் கைராசி என்றது. "என் பெண்டாட்டி சொன்னது" என்று ஒருநாளும் அந்த மனுஷன் வாய் திறக்கவில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். சொன்னால் என்ன, எழுந்து வந்துவிடவா போகிறார்?

எழுபத்தொன்பதில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். பதினாறு கழிந்ததும் முப்பிடாதியே பலகையில் உட்கார்ந்தாள். வஞ்சி என்கிற சின்னத் தோணியில் தனியாகப் போய்த் தூண்டில் போடும் தங்கப்பன் வந்தான், பழைய வாடிக்கை. அவள் முள்ளை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"சேச்சி, ஒந்நும் தோணண்டா, தப்பா எடுக்காதே. தாலி போன கையில இருந்து வாங்கினா கடல் மீன் தராது."

"இத்தனை வருசம் நீ வாங்குனது ஆரு வாத்தது?"

"அது வேற. குடுத்த கை அவரோடதல்லே?"

மற்றவர்களும் அப்படியே நழுவினார்கள். ஒரு மாதம் ஒரு முள் நகரவில்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வேறு வழியில்லாமல் கொழுந்தன் ராமரைக் கூட்டிவந்து பலகையில் உட்காரவைத்துவிட்டு, அவள் மறுபடி சாக்குக்குப் பின்னால் போனாள். வாடிக்கை திரும்பியது.

இரண்டு வருஷம் அவள் சொன்னபடி எடுத்துக் கொடுத்தான். பிறகு அவனுக்கும் தலை கனத்தது. மெல்லிய முள் ஒரு பெட்டி வாங்கி வந்தான், பளபளவென்று.

"மைனி, இதுல பெரிய தலையா வாத்துத் தாங்க. பாக்க எடுப்பா இருக்கும்."

"காளாஞ்சி ஒரு வெட்டு வெட்டுனா ஊசியா நிமிந்துரும். வாக்க மாட்டேன், போ."

அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அவனே வார்த்துவிட்டான்.

நாலாம் நாள் தங்கப்பன் நிமிர்ந்துபோன முள்ளைப் பலகையில் விட்டெறிந்தான். இடுப்பு உயரக் காளாஞ்சி, வஞ்சி ஓரம்வரை வந்து போய்விட்டதாம்.

ராமர் திரையைக் கைகாட்டினான். "மைனி வாத்ததுதான்."

"அதாணு காரியம்!" என்றான் தங்கப்பன். "அந்தக் கை பட்டா இப்படித்தான்."

முப்பிடாதி திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தான் வார்த்த தடித்த முள்ளைக் குறடால் கவ்விப் பிடித்தாள்.

"இழுங்கலே. ரெண்டு ஆம்பளையும் சேந்து இழுங்க."

கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். முகம் சிவந்ததுதான் மிச்சம், முள் வளையவில்லை. தங்கப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முள்ளு நல்லதாணு, சேச்சி."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. சொன்ன கையோடு முள்ளைப் பலகையில் வைத்தான்.

"ராமரே, இதை நீ எடுத்துத் தா."

அன்றைக்கே ராமரைத் துரத்திவிட்டாள். தங்கப்பனையும்தான். இப்போது பலகையில் தனியாக இருக்கிறாள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் வாரத்துக்கு நாலு முள் வாங்கினால் பெரிது. மத்தியானத்துக்கு மேல் இறால் உரிக்கப் போகிறாள். காலையில் மட்டும் ஈயம் காய்ச்சாமல் இருப்பதில்லை.

தூண்டில் போடுகிறவர்கள் இதைப் படித்தால், ஒரு காலைநேரம் கொச்சங்காடிக்குப் போய் அவளைப் பாருங்கள். எங்கே வீசப் போகிறீர்கள், என்ன மீனுக்கு என்று சொல்லுங்கள். திட்டுவாள், கேட்டுக்கொள்ளுங்கள். முள்ளைப் பலகையில் வைக்கச் சொல்லாதீர்கள். கையை நீட்டி, அவள் கையிலிருந்தே வாங்குங்கள்.