கார் திரும்ப ஒரு தூண்

"நீ படிச்சதெல்லாம் ஜப்பானுக்குச் சரிம்மா. சாங்வியில எந்த பூகம்பம் வரப்போவுது?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் தமிழர். நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். அதனால்தான் அந்தச் சிரிப்பு உறைத்தது.

எங்கள் கீழ்த்தளம் முழுக்கப் பார்க்கிங். சுவர் கிடையாது, தூண்கள் மட்டும். அவற்றின் மேல் நான்கு மாடி. வீட்டு உரிமையாளர்களின் சங்கமான சொசைட்டியின் செயலாளர் வாங்கிய பெரிய கார் திரும்பும்போது ஓரத் தூணில் உரசியது. தூணின் மூலையைச் செதுக்கிவிடலாம் என்று மீட்டிங்கில் முடிவெடுத்தார்கள். கொஞ்சம் உடைத்ததிலேயே உள்ளிருக்கும் கம்பி தெரிந்தது. மீதியை வரும் திங்கட்கிழமை உடைப்பதாக ஏற்பாடு.

நான் பாணேரில் ஒரு ஆபீசில் ஜப்பானில் எழும் கட்டடங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். அங்கே உத்திரத்தில் குழாய்க்காகக் கையகல ஓட்டை போட வேண்டுமென்றால் வாரக்கணக்கில் கேள்வி பதில் நடக்கும். ஒருமுறை வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பக்கம் நிலம் ஆடியது. விளக்குகள் ஊசலாடின. பேசிக்கொண்டிருந்தவர் மேசைக்கடியில் போனார். ஆட்டம் நின்றதும் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வரைபடத்தைத் திறக்கச் சொன்னார்.

அதே ஆட்டம் எங்கள் பார்க்கிங்குக்கு வந்தால்? ஏழை நாடுகளில்தான் பூகம்பம் அதிகம் கொல்கிறது என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கார் வாங்க வசதியுள்ளவர்களே தூணை உடைப்பார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

அடுத்த மீட்டிங்கில் நான் பேசட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீ கிராயேதார்மா. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு மீட்டிங்ல என்ன காம், என்ன வேலை? லஃப்டா, வம்பெல்லாம் பண்ணாத. காலி பண்ணச் சொல்லுன்னு என்னைத்தான் பிடிப்பாங்க."

செயலாளரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து லிஃப்டில் என்னைக் கண்டால் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் கைபேசியைப் பார்க்கிறார்கள்.

தருமபுரிக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடம் போகாத அம்மா, கட்டட வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவள்.

"ஊரு விட்டு ஊரு போயி எதுக்குடி வம்பு? வேற வூடு எங்க தேடுவ?"

"கம்பி வெளிய தெரியுதும்மா."

"தெரிஞ்சா பூசிடச் சொல்லு. பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

சிரித்துவிட்டேன். போனை வைத்ததும் அறை அமைதியாகிவிட்டது. குக்கரில் ஒருத்திக்கான சோறு. இந்த வாரம் யாரிடமும் தமிழில் பேச இனி ஒரு வாய்ப்பும் இல்லை என்று தோன்றியது. என் தலைக்கு மேல் ஒரு குழந்தை மூன்று சக்கர வண்டியை உருட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பமும் லிஃப்டில் முகம் திருப்பிய குடும்பம்தான்.

மறுநாள் காலை மாநகராட்சியின் வார்டு ஆபீசுக்குப் போனேன். பெயர் போடாமலும் புகார் கொடுக்கலாம் என்றார் அங்கிருந்தவர், மராட்டியில். பெயரை எழுதினேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத பட்டத்தையும் பக்கத்தில் எழுதினேன். வீட்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தூணை உடைக்க ஆள் வரும் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்ல ஆபீசுக்குப் போன் செய்தேன்.