மோட்டார் ரூமில் ஓடிய கம்பைலர்

எங்கள் அண்ணனுக்கு ஆயத்தமாகக் கிடைக்கிற எதுவும் ஆகாது. கம்ப்யூட்டரில் ஒரு சிடியைப் போட்டால் அரை மணியில் முடிகிற வேலைக்கு, கம்பத்து பிரவுசிங் சென்டரில் மூல நிரல்களை இறக்கி வந்து, ஒவ்வொன்றையும் வீட்டிலேயே கம்பைல் செய்து, அதாவது மிஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, ஏற்றுகிற லினக்ஸ்தான் அவனுக்கு வேண்டும். காமயகவுண்டன்பட்டியில் திராட்சை போடுகிற குடும்பத்துக்குள் இந்தக் கிறுக்கு எப்படி நுழைந்ததோ! எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

அப்போது நான் தேனியில் எம்.சி.ஏ. கடைசி வருடம். புராஜெக்டை அண்ணன் மிஷினில்தான் எழுதியிருந்தேன். மிஷினையே கல்லூரிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. அந்த வாரம் பார்த்து அண்ணன், கம்பைல் செய்கிற புரோகிராமான கம்பைலரைப் புதிதாக ஏற்றினான். ஏற்றிய கையோடு, இனி எதற்கு என்று பழையதை அழித்தான். அதோடு சேர்ந்து, மற்ற புரோகிராம்கள் ஓடத் துணைக்குக் கூப்பிடுகிற அதன் லைப்ரரியும் போனது. அந்த லைப்ரரியை நம்பியிருந்த புரோகிராம் அத்தனையும் படுத்துவிட்டன, என்னுடையதும்தான்.

“பதறாத. அடியில இருக்கத மொதல்ல கட்டணும், அது மேல அடுத்தது. வரிசையாப் போனா எல்லாம் எந்திரிச்சிரும்” என்றான். நான் திருப்பிப் பேசியதை இங்கே எழுத முடியாது.

அவன் சொன்னபடியே ஒவ்வொன்றாக எழுந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. திரையில் பட்டன்களையும் கட்டங்களையும் வரைகிற பெரிய லைப்ரரி அது. கம்பைல் ஆக மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்வெட்டுக் காலம் வேறு, வீட்டில் அது ஒரு தடவைகூட முழுதாக முடியவில்லை. தேனிக்குப் போவதற்கு முந்தின நாள் காலை, மிஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனோம். பம்பு செட்டுக்கென்று முறைவைத்து விடுகிற கரண்ட் வந்துவிட்டால் அந்த ஷிப்ட் முடிகிறவரை போகாது.

கிணறு பங்காளிகளுக்குப் பொது. அன்றைக்கு எங்கள் தண்ணீர் முறை. விட்டால் அடுத்த முறை வர நாளாகும். கொடியில் காய் பருக்கிற சமயம். கம்பைல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து வழக்கம்போல மோட்டாரைப் போட்டார். வோல்டேஜ் இறங்கியது. யுபிஎஸ் கத்தியது. அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன். அப்பா சட்டென்று மோட்டாரை நிறுத்தினார்.

“ஏலே, ரெண்டும் ஒண்ணா ஓடாதா?”

“ஓடாதுப்பா.”

“இது நின்னுபோனா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். “இவளுக்கு ஒரு வருசம் போயிரும்.”

அப்பா, யாரும் சுவிட்சைத் தொடாதபடி வாசலை அடைத்துத் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா வந்தார். “என்னண்ணே, வாய்க்கா காஞ்சு கெடக்கு, மோட்டார் போடலையா?”

“மோட்டாரு காயிலு எரிஞ்சு போயிருச்சுப்பா” என்றார் அப்பா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. “ஆமா, நல்லாத்தான் போயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷிப்ட் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கம்பைல் முடிந்தது. “ஆச்சுப்பா! மோட்டாரப் போடுங்க, ரெண்டு வரிசைக்காவது பாயும்” என்று அண்ணன் அவசரப்படுத்தினான்.

“பொறுடா. ஆத்தாளோடது ஓடுதான்னு மொதல்ல பாப்பம்” என்றார் அப்பா. ஆத்தா என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான்.

பெயரைத் தட்டி என்டரை அழுத்தினேன். என் புரோகிராம் திறந்தது. அண்ணன் விசிலடித்தான். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது.

“இன்னொருக்கா ஓட்டு” என்றார்.

ஓட்டினேன். “இன்னொருக்கா” என்றார். அது திறந்துகொண்டிருக்கும்போதே யுபிஎஸ் கத்தியது. ஷிப்ட் முடிந்துவிட்டது. வெளியே ஒரு கொடிக்கும் தண்ணீர் பாயவில்லை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அணைச்சு வையி ஆத்தா. நாளைக்குப் பஸ்ஸுல இத நான் மடியில வச்சுக்கிட்டு வாறேன். குலுங்கக் கூடாதுல்ல” என்றார்.