ஊசிவாயர் கட்டிய சீட்டுகள்

வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தோட்டத்தில் குந்தியிருக்கும்போது தையல்காரரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் "ம்"தான் வரும். காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியைச் சீட்டாக வெட்டி, பென்சிலால் எண் எழுதி, நாற்றின் தண்டில் நூலால் கட்டி முடித்த பிறகே ஊசி வெளியே வரும். பேச்சும் வரும். தெருவில் அவருக்குப் பெயரே ஊசிவாயர்.

எல்லாம் அவரே விதை போட்டு வளர்க்கும் டேலியாக்கள். நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பதெல்லாம் அந்தப் பூவிடம் செல்லாது. ஒரே தாயின் விதையில் ஒன்று மஞ்சளாய்ச் சிரிக்கும், இன்னொன்று மண் நிறத்தில் முகத்தைத் தொங்கப்போடும். பூக்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது. சீட்டுத்தான் செடிக்கு முகம். நோட்டில் தாய், நிறம், காம்பு எல்லாம் எழுதி, "இடுப்பு பெருத்தது, கழுத்து குட்டை" என்றும் சேர்த்துவிடுவார். தொழில் புத்தி எங்கே போகும்?

போன பருவத்தில் ஒன்று பூத்தது. கருஞ்சிவப்பு. இதழ் ஓரமெல்லாம் பைப்பிங் வைத்துத் தைத்தாற்போல வெள்ளை. அதற்கு மனைவியின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். "ஊருக்கெல்லாம் புதுத்துணி, எனக்கு மட்டும் வெட்டுத்துண்டு" என்று காலமெல்லாம் குத்திக்காட்டியவள் அன்று தானே குடம் எடுத்துப்போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அதே பூ மறுபடி வர விதை உதவாது, அடிக்கிழங்குதான் வேண்டும். குளிருக்கு முன் தண்டை வெட்டி, அடுத்த பருவத்துக்காகக் கிழங்குகளைத் தோண்டினார். சீட்டு ஈரத்தில் அழுகும் என்று கிழங்கின் மேலேயே எண் போட்டார். எதனால்? கை பழகிய சாக்பீஸால்! சமையலறை மூலையில் குவித்துவிட்டு அவர் கடைக்குப் போக, அவள் எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டாள்.

"அதுல நம்பர் இருந்துச்சுடி!"

"கிழங்கைக் கழுவாமயா வைப்பாங்க? அழியுற சாக்பீஸ்ல எழுதுனது நானா?"

நோட்டில் எல்லாம் இருந்தது. எந்தக் கிழங்கு எது என்பதுதான் இல்லை.

அவர் அசருகிற ஆளா? குளிர் விட்டதும் அத்தனையையும் நட்டு, முளைத்த செடிக்கெல்லாம் மனைவியின் பெயரையே எழுதிக் கட்டினார். பூத்து, ஆள் அது இல்லை என்று தெரிந்தால் பெயர்ச்சீட்டை வெட்டிவிட்டு எண்சீட்டு கட்டிக்கொள்ளலாமே!

தபால்காரர் வேலியோரம் நின்று படித்தார். "என்னண்ணே, தோட்டம் பூரா அண்ணிதானா?"

"ஒண்ணுதாம்ப்பா அண்ணி. மத்ததெல்லாம் விசாரணையில இருக்கு."

ஒவ்வொன்றாகப் பூத்தது. மண் நிறத்தில் ஒன்று தலை கவிழ்ந்தபோது அவள் அலறினாள்: "இந்த மூஞ்சியா நானு? முதல்ல வெட்டுங்க!" கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை. கடைசியில் அவள் பெயரோடு ஒரே ஒரு செடி, மூடிய மொட்டோடு. குளிரில் சில கிழங்குகள் அழுகியிருந்தன. அவற்றோடு அந்தக் கருஞ்சிவப்பும் போயிருந்தால் போனதுதான்.

மொட்டு விரிந்த காலையில் கத்தரிக்கோலையும் ஊசிநூலையும் அவள் கையில் திணித்தார். "நீயே பாரு. இல்லேன்னா வெட்டிடு." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கத்தரிக்கோல் சத்தம் வரவில்லை.

"என்னடி, சொல்லேன்!"

"ம்."

திரும்பினார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, பெயர்ச்சீட்டுக்கு அவர் போட்டிருந்த முடிச்சின் மேல் அவள் இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.