நீலச் சட்டைக்கு வெள்ளிக்கிழமை லீவு

பொன்னேரியில் ரயிலேறி எதிரே உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்குமுன் கிருதாவைப் பார்த்தார். கும்மிடிப்பூண்டியில் முடிவெட்டுகிறவர். சட்டைப்பையில் சீப்பும் பென்சிலும் இருந்தன. காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்திருந்த படத்தை எடுத்து நீட்டினார். புதுவாயலில் அவர் திறக்கப்போகும் சலூன். முடிவெட்ட ஒரே நாற்காலி, சும்மா உட்கார ஆறு, நடுவில் கேரம்போர்டு.

“முடி வெட்டிக்காதவங்க எதுக்குங்க வரப்போறாங்க?” என்றேன்.

“வேல போனத ஊட்ல சொல்லாம தெனம் கெளம்பி வர்றவங்க எங்க சார் போவாங்க?” என்றவர் என் யூனிபாரத்தைப் பார்த்தார். “நீலச் சட்டை கம்பெனிக்கு வெள்ளிக்கிழமதான் லீவு. அன்னிக்குத்தான் அவங்கல்லாம் என்கிட்ட வருவாங்க. லீவுல யாரும் யூனிபாரம் மாட்டிக்கினு சுத்த மாட்டாங்க சார். இன்னிக்கு வெள்ளிக்கிழம.”

கம்பெனியை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்குத் தெரியாது; வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் என்று சொல்லிக் கிளம்பியிருந்தேன். ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தேன். “ஆமாங்க, மூடிட்டாங்க” என்றுதான் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது.

அவர் பென்சிலை எடுத்து ஆறு நாற்காலிகளில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டார். “ஜன்னலாண்ட. நல்லா காத்து வரும்.”

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலி எனக்குத் தேவைப்படவே இல்லை. ஆனாலும் புதுவாயலில் பஸ் நிற்கும்போதெல்லாம் அவர் திறந்த சலூனின் ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறேன்.