பழனாயி கிணற்றுக்குப் போன குழாய்

பழனாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேலம்பாளையத்தில் என்னைத் தவிர யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சின்னாத்தாள், அவளுடைய ஓரகத்தி. அண்ணனுக்கு அவள் வாக்கப்பட்டாள், தம்பிக்கு நான். நேரில் ‘வாங்கக்கா, போங்கக்கா’ என்பேன். மனசுக்குள் அவள் இவள்தான். இங்கேயும் அப்படியே சொல்லப் போகிறேன்.

சேவூரிலிருந்து வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளையும் இல்லை. இரண்டு எருமை, நாலு கீரைப் பாத்தி, பாகம் பிரித்தபோது வந்த ஒரு கிணறு, அவ்வளவுதான் அவள் சொத்து. எனக்குப் புருஷன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், கான்கிரீட் தார்சு போட்ட வீடு இருக்கிறது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையும் இருக்கிறது. இருந்து என்ன? பேர் அவளுக்குத்தான். தெற்கத்திப் பக்கமிருந்து வேலைக்கு வந்த காலனிப் பெண்கள்கூட ‘பழனாயிக்கா கிணத்துப் பக்கம்’ என்றுதான் வழி சொல்வார்கள். என் கிணற்றை எவளும் சொன்னதில்லை.

சொல்லும்படி நாங்களும் வைத்துக்கொள்ளவில்லை. 2003இல் மழையே இல்லாமல் இரண்டு கிணறும் வறண்டு கிடந்தன. சாயப்பட்டறை ஆள் ஒருவன் வந்து, சும்மா கிடக்கிற கிணறுதானே, கழிவுத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றிக்கொள்கிறோம் என்று கேட்டான். நாங்கள் சரி என்றோம். தார்சு வீடு அப்படி எழும்பியதுதான். பழனாயி முடியவே முடியாது என்றுவிட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்று சிரித்தேன். இரண்டு வருஷம் கழித்து மழை கொட்டியது. அவள் கிணற்றில் இளநீர் மாதிரி ஊறியது, என் கிணற்றில் ஊதா நிறத்தில் ஊறியது. அன்றிலிருந்து குடிக்க இரண்டு குடம் அவள் கிணற்றில்தான் தினமும் சேந்திக்கொண்டிருந்தேன். சேந்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மறு வருஷம் எங்கள் வெள்ளாமைக் காட்டை ஒட்டிப் புதுக் கம்பெனிக்குக் கட்டடம் கட்ட ஆரம்பித்தார்கள். மண்ணுக்கடியில் ஒரு மாடி வேண்டுமென்று இருபதடி தோண்ட, ஊற்று பீறிட்டுக்கொண்டு வந்தது. அஸ்திவாரம் போட்டு முடிக்கிற வரைக்கும் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டியாக வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வற்றிப்போகும், எடுத்ததை நிலத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இஞ்சினியர் இளங்கோ கிணறு தேடி வந்தார். என் கிணறு குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழனாயியுடையது காட்டின் மறுகோடியில். இரண்டிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பைப் என் கிணற்றை ஒட்டினாற்போல வந்து, நிற்காமல் அவள் கிணற்றுக்குப் போனது.

நான் நேரே போய் ஏனென்று கேட்டேன்.

“உங்க கெணத்துல உட்டா அடியில கெடக்கற சாயமெல்லாங் கெளம்பி, மண்ணுக்குள்ளயே ஓடிக் குழிக்கு வந்துருமுங்க” என்றார்.

நான் நம்பவில்லை. மோரைக் கொடுத்து ஆளைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கிணற்றில் எட்டிக் கைவிட்டால் தொடுகிற உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. எத்தனை குடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேறு சொன்னாள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் காங்கேயத்தில் தங்கை மகளுக்குச் சீர் என்று மூன்று நாள் கிளம்பினாள். எருமைகளை என்னிடம்தான் ஒப்படைத்தாள்.

“கெணத்துப் பக்கமும் ஒரு எட்டுப் போயிப் பாத்துக்க கண்ணு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அன்று மத்தியானமே பைப் ஜாயின்டைக் கழற்றி என் கிணற்றுக்குள் திருப்பிவிட்டேன். குழி காய்ந்தால் போதும் என்றிருந்த ஆட்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேட்டில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மூன்று நாளில் எட்டடி ஏறிவிட்டது. அவள் வருகிற அன்று சாயங்காலம் பழையபடி மாட்டினேன். கிளிப்பின் போல்ட் எங்கோ விழுந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் குழந்தைச் சட்டை தைத்து மிஞ்சிய, வாத்துப் படம் போட்ட கட்டிங் வேஸ்ட் துணி கையிலிருந்தது. அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் காலையில் பழனாயி சேந்தினாள். வாளியில் ஊதாத் தண்ணீர் வந்தது.

குழியைப் பார்த்தால் அங்கேயும் ஊதா. விடிய விடிய அதைத்தான் மோட்டார் அவள் கிணற்றில் கொட்டியிருக்கிறது. இளங்கோ மோட்டாரை நிறுத்திவிட்டு பைப் வழியாகவே நடந்து வந்தார். பழனாயியும் கூட வந்தாள். என் கிணற்றருகே ஜாயின்டைப் பார்த்து நின்றவர், இது யார் கட்டியது என்று கேட்டார். அங்கேயே நின்றிருந்த நான் பழனாயியைப் பார்த்தேன். அந்த வாத்துத் துணி எங்கள் கம்பெனியுடையது என்று பழனாயிக்குத் தெரியும். கைப்பிடித் துணிக்கென்று நானே கொடுத்திருக்கிறேன்.

“நாந்தானுங்க கட்டுனே. ஒழுகிட்டுக் கெடந்துச்சுங்க, ஊருக்குப் போறப்ப கட்டிட்டுப் போனே” என்றாள் பழனாயி.

என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. சாயம் தானாகக் கசிந்திருக்கும் என்று இளங்கோ முடிவு கட்டினார். குழியில் மிச்சமிருந்த தண்ணீரை டேங்கர் வைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் என் வாசலில் ஒரு குடத்தை இறக்கினாள். ஊருக்குப் போகுமுன் அண்டாவில் பிடித்து வைத்ததாம்.

“ரெண்டு கொடந்தே மிச்சமிருந்துச்சு. ஒண்ணு உனக்கு” என்றாள்.

குடத்தின் வாயில் அந்த வாத்துத் துணியைத் துவைத்து மடித்து மூடியிருந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மயிரைப் பிடித்து இழுத்திருந்தால்கூடத் தேவலை. அவள் எருமைக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கும் எனக்கும் ஒரே லாரித் தண்ணீர்தான். நான் ஆசைப்பட்டதும் அதுதானே, அவளுக்கு என்னைவிட ஒரு சொட்டு அதிகமாக இருக்கக் கூடாது என்று. ஆனாலும் வயிறு எரிகிறது. லாரிக்காரன் போன் பண்ணி எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டால், காலனிப் பெண்கள் இன்றைக்கும் ‘பழனாயிக்கா கிணத்துப் பக்கம்’ என்றுதான் சொல்கிறார்கள்.