மைனிக்கு நான் வாங்கிக் கொடுத்த ரோஸ் குப்பி

நாகர்கோவிலில் மெடிக்கல்காரர் அந்த ரோஸ் நிறக் குப்பியைக் காகிதத்தில் சுற்றித் தந்தபோது எனக்கு ஒரே பெருமை. கல்லூரியில் இரண்டாம் வருஷம். போனில் வரும் விளம்பரமெல்லாம் அறிவாகத் தெரிந்த வயசு. அண்ணன் மஸ்கட்டிலிருந்து முப்பது நாள் லீவில் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எங்கள் பூதப்பாண்டி வீட்டில் அண்ணனின் மனைவியான மைனி ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள், முறுக்கு சுட்டாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, வெள்ளை படுகிறதே, வாடை வருமோ, அவருக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று கேட்டாள். கொஞ்சம் படுவது எந்தப் பெண்ணுக்கும் சாதாரணம் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அந்த இடத்தைக் கழுவும் வாசனைத் திரவம் என்று விளம்பரத்தில் பார்த்திருந்த குப்பியை வாங்கிவந்து கொடுத்தேன்.

மைனிக்கு எதிலும் அரைகுறை கிடையாது. பாத்திரம் தேய்த்தால் அதில் முகம் தெரிய வேண்டும். காலையும் மாலையும் அந்தத் திரவத்தை உள்ளே விட்டுக் கழுவியிருக்கிறாள். அண்ணன் வந்து இறங்கிய அன்று எரிச்சலில் அவளால் உட்காரவே முடியவில்லை.

நான் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தார். உள்ளே இருப்பது தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும், அங்கே சோப்பும் வேண்டாம், வாசனையும் வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர், பருத்தி உள்ளாடை, அதை வெயிலில் காயப்போடுவது, இவ்வளவுதான் என்றார். மருந்து எழுதித் தந்து, குணமாகும்வரை சேர வேண்டாம் என்றும் சொன்னார். அதை அண்ணனிடம் சொல்ல மைனிக்கு வாய் வரவில்லை. நான் சொல்லட்டுமா என்றேன்.

"ஏட்டி, நீ அவருக்க தங்கச்சியாக்கும். இதையா பேசுவ?"

தலைவலி என்று என் அறையில் வந்து படுத்துக்கொண்டாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி அண்ணன் என்னிடம், "ஒனக்க மைனிக்கு என்னப் பிடிக்கலியா மக்கா?" என்றான். குழம்பு ஊத்தட்டுமா என்று கேட்டேன். மருந்து முடிந்த பிறகும் அவன் முகம் தெளியவில்லை. அப்படியேதான் விமானம் ஏறினான்.

இப்போது மறுபடி வரப்போகிறான். டாக்டரம்மா சொன்னதை மைனியிடம் எத்தனையோ முறை ஒப்பித்துவிட்டேன். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள், இந்தத் தடவை நல்லதாக எதை வாங்கலாம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் மைனி, பச்சைத் தண்ணீர் போதும் என்றேன். நல்லதை எனக்கென்று ஒளித்துவைத்துக்கொண்டு அவளிடம் மறைப்பது போல என்னையே பார்த்தாள்.

"வெல கூடுனதா இருந்தாலும் பரவால்ல, மக்ளே" என்றாள்.