கருந்துளையும் மச்சாளும்

எழுபதுகளின் கடைசியில் நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியையாக இருந்தேன். ஓர்ஸ் ஹில்லில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் துறைமுகத்தில் எழுதுவினைஞர். அந்த வருடம் அண்ணன் மனைவியான மச்சாளுக்கு முதல் பிள்ளை இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மச்சாள் சமைத்தார், துணி தோய்த்தார், கேட்டதற்கு ஓம் என்றார். அதற்கு மேல் கதை இல்லை. பிள்ளை என்ற சொல்லே வாயில் வந்துவிடாமல் நாங்களும் கவனமாக நடமாடினோம்.

உயர்வகுப்பு மாணவிகள் கருந்துளையைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நூலகத்தில் கிடைத்த ஆங்கிலச் சஞ்சிகையைப் படித்துத் தமிழில் எழுதினேன். ஒரு பின்னேரம் குசினி வாசலில் கதிரையைப் போட்டுச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மச்சாள் உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள போனது ஒண்டும் திரும்பி வராதோ?” என்று திடீரென்று கேட்டார்.

“வராது மச்சாள். வெளிச்சம் கூட வராது.”

“அப்ப அதை ஒருத்தராலயும் பாக்க ஏலாதே. இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?”

“பக்கத்தில ஒரு நட்சத்திரம் இருந்தா, அது ஒண்டுமில்லாத இடத்தைச் சுத்திச் சுத்தி வரும். அதை வைச்சுத்தான்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“உம்மட அண்ணரைப் போல. நான் சாப்பிடாட்டி அவரும் சாப்பிடுறேல்ல. என்னையே சுத்தித் திரியிறார், பாவம். கிட்ட வந்து கதைக்கப் பயம்.”

நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் குந்தினேன். மீன் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், முகத்தை என் தோளில் வைத்து அழுதார்.

அண்ணன் வேலையால் வந்து சேர்ட்டைக் கூடக் கழற்றவில்லை, மச்சாள் அவர் முன்னால் வந்து நின்றார்.

“இஞ்சருங்கோ, பிள்ளையை எங்க தாட்டனீங்கள்?”

பிள்ளை பிறந்த அன்று தனியாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்த அண்ணன், எந்த இடமென்று எங்களுக்குச் சொன்னதேயில்லை.

“கடற்கரைச் சுடலையில.”

“என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“பொம்பிளையள் அங்க போறேல்லையே.”

“நான் போவன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் நடந்துபோனோம். அண்ணன் அடையாளத்துக்கு ஒரு கல் வைத்திருந்தாராம். காற்று மணலை வாரிப் போட்டிருந்தது; எங்கு பார்த்தாலும் கல். அவர் ஒரு பூவரசுக்குக் கிட்ட நின்றார், பிறகு வேறொரு பக்கம் போனார், திரும்பி வந்தார். கடைசியில் முழங்காலில் விழுந்துவிட்டார்.

“தெரியேல்லையப்பா. எனக்குத் தெரியேல்லை.”

மச்சாள் அவருக்குப் பக்கத்தில் குந்தி, படுக்கை விரிப்பைச் சரிசெய்வது போல உள்ளங்கையால் மணலைத் தடவினார்.

“பரவாயில்லை. இந்த மண்ணுக்குள்ளதானே இருக்கிறா.”

பெண் பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எனக்கு ஆஸ்பத்திரி ஆக்கள் முகத்தைக் காட்டேல்லை,” என்றார் மச்சாள். “நீங்கள் பாத்தனீங்கள்தானே. எப்பிடி இருந்தவ?”

“உம்மைப் போலதான். தலை நிறைய மயிர்.”

“மூக்கு?”

“அதுவும் உம்மட மூக்குத்தான்.”

வரும் வழியில் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டோம். மச்சாள் தன்னுடையதை முடித்துவிட்டு அண்ணனுடையதிலும் பிய்த்து எடுத்தார். விரல்கள் எப்படி இருந்தன, நகம் வளர்ந்திருந்ததா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அண்ணன் தேத்தண்ணியை ஆறவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.